நிறையும் முறையும்: காஞ்சி நெசவாளரின் வாணிக அறம்

வாணிகத்தின்கண் மக்கள் பேசித் தீர்ப்பன இரண்டு. ஒன்று விலை, மற்றொன்று அளவு. விலையாவது, கொள்வோனும் கொடுப்போனும் தத்தம் தேவையையும் ஆற்றலையும் கருதிப் பேசி முடிப்பது. அளவாவது, அவ்விலைக்கு ஈடாகக் கைம்மாறும் பொருள் எவ்வளவினது, எத்தன்மையது என்பது. விலையிற் பேரம் உண்டு, அது குற்றமன்று. அளவிற் பேரம் இல்லை. உண்டெனின் அது வாணிகமன்று, களவேயாம். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லையை நம் முன்னோர் எங்ஙனம் வகுத்தனர், அதனை எவ்வாறு காத்தனர், அது குலைந்த காலங்களில் நேர்ந்த கேடு யாது என்பவற்றைக் காஞ்சி மாநகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதன்மையாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நம் சங்கத்து இதழில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் மரபினருள் தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்வார் உளர். பட்டும் சரிகையும் வாங்கித் தறிகளுக்குக் கொடுக்கும் முதலாளிமார் உளர். பட்டு முறுக்குவார், சாயம் தோய்ப்பார், கடை வைத்து விற்பார் ஆகிய யாவரும் உளர். ஒரே பந்தியில் உண்டு, ஒரே தேரின் வடம் பிடிக்கும் இவர்களே, சேலை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் தராசின் இருபுறத்தும் எதிரெதிராக நிற்கின்றனர். அயலாரோடு செய்யும் வாணிகத்தில் அறம் பேசுதல் எளிது. உறவினரோடு செய்யும் வாணிகத்திற் பேசுதலே அரிது. ‘நம்மவர்தாமே’ என்னும் ஒரு சொல், கணக்கு எழுதுவதையும் தடுக்கின்றது. கணக்குக் கேட்பதையும் தடுக்கின்றது. ஆதலின் இச்செய்தி பிற எவர்க்கும் முன்னர் நமக்கே வேண்டுவதாகும்.

உலகளந்தார் கோயிற் செப்பேடு

பெரிய காஞ்சியில் உலகளந்த பெருமாள் கோயில் உள்ளது. ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என்னும் நான்கு திருப்பதிகளும் ஒரே மதிலகத்துள் அடங்கிய சிறப்பினது அது. இவற்றுள் ஊரகத்துப் பெருமானுக்கு உத்தம சோழன் தன் 16-ஆம் ஆட்சியாண்டிற் செய்த ஏற்பாடுகளைக் கூறும் செப்பேடு சென்னை அருங்காட்சியகத்துக்கு உரியதாய் உள்ளது. அவ்வரசன் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவன். முதலாம் இராசராசனுக்கு முன் அரியணையில் இருந்தவன். அக்காலத்தில் காஞ்சி நகரம் கச்சிப்பேடு என வழங்கிற்று.

இச்செப்பேட்டில் நம் பொருளுக்கு வேண்டிய செய்திகள் மூன்று காணப்படுகின்றன.

முதலாவது, கச்சிப்பேட்டில் நிறுத்து விற்கும் பொருள்களுக்குரிய கோல்நிறைக் கூலியும், அளந்து விற்கும் பொருள்களுக்குரிய கால்அளவு கூலியும் ஊரகத்துப் பெருமானுக்கு வருவாயாக அமைந்திருந்தன. கோல் என்பது நிறைகோல். கால் என்பது முகத்தலளவைக் கருவி. நகரத்தில் நெல்லையோ நூலையோ பொன்னையோ நிறுத்தும் அளந்தும் கொடுத்தால், அத்தொழிலுக்குரிய கூலி விற்றவனுக்கும் இல்லை, வாங்கினவனுக்கும் இல்லை, கோயிலுக்கே உரியது.

இரண்டாவது, கோயிலுக்குரிய பொன் வாளா வைக்கப்படவில்லை. நகரத்துச் சேரியாரிடத்தும் அயலூர்ச் சபையாரிடத்தும் வட்டிக்குக் கொடுக்கப்பட்டு, அவ்வட்டியினால் வழிபாடும் திருவிழாவும் நடைபெற்றன.

மூன்றாவது, கோயிற் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பு நகரத்துச் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர்பால் ஒப்படைக்கப்பட்டது. திருவிழா முடிந்தவுடன் கணக்கைப் பார்வையிடுதல் வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டது.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நெசவாளர் நேர்மையாளர் என்று பிறர் புகழ்ந்தமையால் மட்டும் அவர்பால் பொன்னும் கணக்கும் ஒப்படைக்கப்படவில்லை. நேர்மை வழுவாதிருத்தற்கு வேண்டிய ஏற்பாடும் உடன் செய்யப்பட்டது. நிறைகூலி மூன்றாமவரைச் சார்ந்தது. ஆதலின் ஒரு தட்டைத் தாழ்த்துவதனால் அக்கூலிக்கு உரியவர் அடையும் பயன் ஒன்றுமில்லை. கணக்குப் பார்க்கும் காலம் குறிக்கப்பட்டது. ஆதலின் ‘பின்னர்ப் பார்ப்போம்’ என்று தள்ளுதற்கு இடமில்லை. பல தெருவினர்க்கும் பொறுப்புப் பகுத்தளிக்கப்பட்டது. ஆதலின் ஒருவர் மறைப்பினும் மற்றவர் அறிவர். ஒருவன் நெஞ்சில் மட்டும் விடப்பட்ட அறம் பசியாலும் ஆசையாலும் அசைவுறும். பலர் முன்னிலையில் நாட்டப்பட்ட அறம் எளிதில் அசையாது. இதுவே அச்செப்பேட்டினின்றும் நாம் உய்த்துணரும் பாடம்.

உலகினை அடியால் அளந்த பெருமானுக்கே ஊரின் அளவுக்கூலியை உரிமையாக்கியது எத்துணைப் பொருத்தமுடையது! சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கும் உலகளந்த கோல் என்னும் பெயர் வழங்கிற்று. அளத்தல் என்னும் செயலைத் தெய்வத்தின் பெயரோடு பிணைத்து வைத்தமை, அது தனியொருவன் விருப்பத்திற்கு உட்பட்டதன்று என்பதை உணர்த்துகின்றது.

மற்றொரு பொருத்தமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் காஞ்சிபுரத்து உலகளந்தார் கோயிற் பூசைக்குரிய மரபினர் என்று வழிவழியாகக் கூறுவர். நடுவுநிலைமை என்னும் 12-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகர்க்கென்றே அமைந்தது. கொள்ளுங்கால் மிகுதியும் கொடுக்குங்கால் குறைவும் இல்லாமையே அக்குறளின் கருத்தாக அவர் உரை கூறினார். அவ்வறத்தை வள்ளுவர் பொருட்பாலில் வையாது அறத்துப்பாலில் வைத்தமையும் கருதத்தக்கது. வாணிகத்தில் நேர்மை என்பது ஆதாயம் பெறுதற்குரிய சூழ்ச்சி அன்று. ஆதாயம் வரினும் வாராவிடினும் கடைப்பிடிக்க வேண்டிய கடமையாம்.

உத்தரமேரூர்ப் பொன்னும் மெழுகும்

காஞ்சிக்குத் தெற்கே உள்ளது உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுக்களால் அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. குடவோலையைப் பற்றிப் பேசுவோர் தேர்தல் முறையையே எடுத்துப் போற்றுவர். நாமோ அதனுள் அடங்கிய வாணிக அறத்தைக் காட்டப் புகுகின்றோம்.

அவ்வூர்ச் சபையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றோடு பொன் வாரியமும் இருந்தது. வாரியப் பொறுப்பு ஏற்றுப் பின் கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியவனல்லன். அவன் மட்டுமோ? அவனுடைய நெருங்கிய உறவினரும் அத்தகுதியை இழந்தனர். இக்காலத்தார்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் ‘நம்மவர்தாமே’ என்று உறவின் பெயரால் கணக்கை மறைக்கும் நோய்க்கு இதனினும் தக்க மருந்து யாதுளது? ஒருவன் கணக்கை மறைத்தால் மைத்துனனும் தகுதி இழப்பான் எனின், அம்மைத்துனனே முன்வந்து கணக்கைக் கேட்பானன்றோ?

பொன்னின் மாற்றுக் காண்போரைத் தெரிந்தெடுக்கும் முறையும் அவ்வூர்க் கல்வெட்டொன்றிற் கூறப்பட்டுள்ளது. ஊரிற் பல்வேறு பிரிவினரினின்றும் ஆட்கள் தெரியப்பட்டனர். எல்லார்க்கும் ஒப்பப் பொன் காணுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. கட்டளைக்கல்லில் உரைத்த பொன்துகளை மெழுகில் ஒற்றி எடுப்பது வழக்கம். பொன் ஒட்டிய அம்மெழுகை மாற்றுக் காண்போர் தமக்கென வைத்துக்கொள்ளாது ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

நுண்ணிதின் நோக்குக. ஒரு முறை உரைக்கும்போது ஒட்டும் பொன் கண்ணுக்கும் புலனாகாது. அதனை இழந்தவன் இழப்பை அறியான்; எடுத்தவனும் அதனைக் களவென்று நினையான். ஆயினும் ஓராண்டில் ஊரார் அனைவர் பொன்னினின்றும் சேரும் துகள் சிறிதன்று. அச்சிறு துகளும் ஊர்ப்பொதுவுக்கே உரியது என்று நம் முன்னோர் துணிந்தனர். வாணிகத்தில் அறம் பிழைபடுவது பெருங்கொள்ளையிற் பெரும்பாலும் தொடங்குவதில்லை; இத்தகைய மெழுகில்தான் தொடங்குகின்றது. சேதாரம், கழிவு, வழக்கம் என்னும் பெயர்களால் நம் தொழிலில் நிலவும் பலவும் ஒட்டுமெழுகே என்பதை நம்மவர் ஓர்தல் வேண்டும்.

பட்டின் நிறை

இனி நெசவின் நிறையைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், 10 பலம் நூல் பெற்ற நெசவாளன் 11 பலம் துணியாகத் திருப்புதல் வேண்டும் என்றும், அங்ஙனம் மிகாது குறையின் குறைந்ததன் இருமடங்கு தண்டமாம் என்றும் கூறுகின்றது. பருத்தி நூலுக்குக் கஞ்சி ஏறுவதனால் நிறை மிகும் என்பதனை அந்நூலாசிரியர் அறிந்திருந்தனர் போலும். தறிக்கும் தராசுக்கும் உள்ள வழக்கு ஈராயிரம் ஆண்டு அளவில் பழமையுடையது என்பதற்கு இதுவே சான்று.

பட்டின் இயல்போ இதற்கு மாறானது. கச்சாப் பட்டிழையின் மேல் இயற்கையாக ஒரு பசை படிந்துள்ளது. சோப்பும் சோடாவும் இட்ட வெந்நீரிற் காய்ச்சுங்கால் அப்பசை கரைந்து, நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். 1 கிலோ கச்சாப் பட்டு முக்கால் கிலோ அளவாகவே சாயச் சாலையினின்றும் மீளும். அதன்மேலும் பட்டு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. உலர்ந்த பட்டின் நிறையோடு 100-க்கு 11 பங்கு ஈரம் சேர்த்துக் கணக்கிடுவதே வாணிக உலகின் பொது அளவு. ஐப்பசி கார்த்திகை மழை நாளில் நிறுத்துக் கொடுத்த பட்டு, சேலையாகித் தை மாதத்து வெயிலிற் காய்ந்து திரும்புங்கால், ஒருவரும் ஒன்றும் எடுக்காமலே நிறை குறையும். சித்திரையில் நிறுத்து வாங்கி மழை நாளில் திருப்பினால், எடுத்த இழையையும் ஈரம் மறைத்துவிடும்.

இத்தன்மையால் நேர்மையுள்ள நெசவாளனும் கள்வனாகத் தோன்றுவான். கள்வனும் நேர்மையுள்ளவனாகத் தோன்றுவான். சரிகையோ மார்க்குக் கணக்கில் வருவது. 1 மார்க்கு ஏறத்தாழ 240 கிராம். அதில் ஒரு சிறிது குறையினும் கூலியிற் பெரும் பகுதி போய்விடும். முதலாளியின் வீட்டுத் தராசில் முதலாளியே நிறுத்துக் கொடுத்து, அவரே நிறுத்து வாங்கி, அவரே குறையைக் கூலியிற் பிடித்தால், அவர் அரிச்சந்திரனே ஆயினும் நெசவாளன் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. நெசவாளன் வீட்டில் இழை எவ்வளவு கழிந்தது என்பதை முதலாளி காணாராதலின் அவர் மனத்திலும் ஐயம் எழுவது இயல்பு. இருபாலும் ஐயம் முதிர்ந்தால், நெசவாளன் ‘எப்படியும் பிடிக்கப் போகிறார்’ என்று முன்னரே எடுத்து வைப்பான். முதலாளி ‘எப்படியும் எடுத்திருப்பான்’ என்று முன்னரே பிடித்து வைப்பார். இருவரும் தத்தம் பங்கைக் களவென்று கருதார். ஈடு என்றே கருதுவர். ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இழந்த இடத்தில் நல்லோரும் தீங்கு செய்வது இவ்வாறே.

இதற்கு மருந்து ஒருவரை ஒருவர் ஏசுதல் அன்று. கச்சிப்பேட்டார் செய்ததுபோல் நிறைகோலை மூன்றாமவர் கையிற் கொடுத்தலேயாம்.

முன்பணமும் விலகும் உரிமையும்

பேரம் என்பது எப்பொழுது நேரிய பேரம் ஆகும்? இருவரும் வேண்டாவெனின் விலகிப் போகலாம் என்னும் நிலை இருந்தாலன்றி அது பேரம் ஆகாது. விலக வழியில்லாதவனோடு விலை பேசுதல், அவன் துன்பத்தைப் படிக்கல்லாகத் தட்டில் இட்டு நிறுத்தலை ஒக்கும்.

18-ஆம் நூற்றாண்டில் தென்னாட்டு நெசவாளர் வணிகரிடம் முன்பணம் பெற்று நெய்தனர். அக்காலத்து வழக்கை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, 2001-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு செய்தியை எடுத்துக் காட்டியுள்ளார். முன்பணம் பெற்ற நெசவாளன் அதனைத் திருப்பிக் கொடுத்து எப்பொழுது வேண்டினும் ஒப்பந்தத்தினின்றும் விலகலாம். வணிகனுக்கு அத்தகைய விலகல் எளிதன்று. மூட்டை கட்டித் தறியோடு வேற்றூர் செல்லும் ஆற்றலும் நெசவாளர்க்கு இருந்தது. அவரைத் தம் ஊரில் நிறுத்தக் குறுநில மன்னரும் விரும்பினர். ஆங்கிலக் கும்பினியார் ஆட்சி வலியுற்ற பின்னர் இந்நிலை மாறிற்று. காஞ்சியை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சாகீர் 1763-இல் ஆர்க்காட்டு நவாபினால் கும்பினியார்க்கு அளிக்கப்பட்டது. ஆட்சியாளரே வணிகருமாயினர். எம் முன்பணம் பெற்றவன் பிறர்க்கு நெய்யலாகாது என்னும் கட்டளையும், அதனை நிறைவேற்றச் சேவகரும் வந்தனர். நிறைகோலும் நீதிமன்றமும் ஒரே கையிற் சேர்ந்தன. கச்சிப்பேட்டு ஏற்பாட்டுக்கு நேர்மாறானது இது.

கும்பினி போயிற்று. ஆனால் முன்பணத்தைக் கட்டும் கயிறாக்கும் வழக்கம் நம்மவரிடத்தே எஞ்சி நின்றது. கொத்தடிமை முறை 1976-இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் முன்பணத்திற்கு ஈடாகச் சிறுவர்களைத் தறியில் அமர்த்திய செய்தி, 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையிற் காஞ்சியின் பெயரோடு இடம்பெற்றது. பட்டுக்குப் பேர்போன ஊர் இதற்கும் பேர்பெற்றமை நமக்கு நாணம் தருவது. அச்சிறுவர் நம் மக்களேயன்றோ? முன்பணம் கொடுப்பது குற்றமன்று. மகள் திருமணத்திற்கும் மழைக்காலப் பசிக்கும் அது உதவியேயாகும். அதனைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழியை அடைப்பதே குற்றம்.

ரோச்சுடேல் நெசவாளரும் காஞ்சி நெசவாளரும்

நிறைகோலைப் பொதுவாக்கும் எண்ணம் நம் நாட்டிற்கே உரியதன்று. இங்கிலாந்தில் ரோச்சுடேல் என்னும் நெசவூரில், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவருட் பலர் நெசவாளர். அக்காலத்தில் அந்நாட்டுக் கடைகளில் மாவிலும் தேயிலையிலும் கலப்படம் மிகுதி. கடன்பட்ட ஏழை அதனை மறுத்தற்கும் வழியில்லை. அவ்விருபத்தெண்மரும் கலப்பற்ற பொருள், குறையாத நிறை, கைம்மேற் பணம் என்பவற்றைத் தம் கடைக்கு நெறியாகக் கொண்டனர். வாங்குவோரே கடையின் உரிமையாளராதலின் நிறையைக் குறைப்பதால் எவர்க்கும் ஆதாயமில்லை. இவ்வேற்பாடே உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்தின் முன்மாதிரி ஆயிற்று.

சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் என்பார் 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கைகளின் பயனாகவும், 1904-இல் இயற்றப்பட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பயனாகவும் அவ்வியக்கம் இந்நாட்டில் வேரூன்றிற்று. அச்சட்டத்தின்கீழ் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவுற்ற நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தது. பதிவுற்றது 1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கோயிற் பொன்னை வட்டிக்குக் கொடுத்துக் கணக்குக் காத்த நகரத்தில், ஏறத்தாழ 900 ஆண்டுகட்குப் பின் இவ்வாறு நேர்ந்தமை மகிழத்தக்கதேயாம்.

பின்னர்க் காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணா ஆகிய பெயர்களைத் தாங்கிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. பட்டையும் சரிகையையும் சங்கமே கொடுத்து, வரையறுத்த கூலியையும் சங்கமே வழங்கி, சேலையைச் சங்கமே விற்கும் முறை ஏற்பட்டது. எனினும் கூட்டுறவு என்னும் பெயரே அறமாகிவிடாது. உறுப்பினர் கணக்குக் கேளாதொழியின் கூட்டுறவும் ஒருவர் உறவாய் முடியும். உத்தரமேரூர்க் கல்வெட்டு அதற்காகவே கல்லில் வெட்டப்பட்டது என்று கருதுக.

சரிகையின் உண்மை

இதுகாறும் நெய்வோர்க்கும் நெய்விப்போர்க்கும் இடையேயுள்ள நிறையைக் கூறினோம். இனி வாங்குவோர்க்கு நாம் காட்டும் நேர்மையைக் கருதுவோம்.

காஞ்சிப் பட்டு புவிசார் குறியீட்டுப் பதிவை 2005–06-இல் பெற்றது. அப்பதிவின்படி தூய சரிகையில் வெள்ளி 57 விழுக்காடும் பொன் 0.6 விழுக்காடும் இருத்தல் வேண்டும். சிவந்த பட்டிழையின் மேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசுவதே அச்சரிகை. சரிகையின் தரம் காக்கும் பொருட்டுத் தமிழ்நாடு சரிகை ஆலை காஞ்சியில் 1971-இல் நிறுவப்பட்டது. பட்டின் தூய்மையைக் காட்டும் ‘சில்க் மார்க்’ முத்திரை 2004-இல் வந்தது. பட்டுச் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டு, உச்ச நீதிமன்றத்தால் 1993-இல் நிலைநிறுத்தப்பட்டது. இத்துணைச் சட்டமும் முத்திரையும் வேண்டியிருந்தமைக்குக் காரணம், தாழ்ந்த சரிகையும் விசைத்தறித் துணியும் காஞ்சிப் பெயரில் விற்கப்பட்டமையே.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாப் என்பார் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வாராய்ச்சியின் பொருட்டு 2001-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்காட்டியது பழைய மோட்டார் வண்டிச் சந்தையை. நல்லதையும் தீயதையும் வாங்குவோன் பிரித்தறிய இயலாதாயின், அவன் இரண்டிற்கும் நடுத்தர விலையே கொடுப்பான். அவ்விலை நல்ல பொருளுடையானுக்குக் கட்டாது. அவன் சந்தையை விட்டு அகல்வான். எஞ்சுவது தீயதே; அதன்பின் விலை மேலும் தாழும். காஞ்சித் தெருக்களில் நிகழ்வதும் இதுவே. சரிகையின் உள்ளீட்டை வாங்குவோர் காணார். பொய்ச் சேலை மலிந்த அளவில் மெய்ச் சேலையின் விலையையும் அவர் நம்பார். கோர்வையிட்டு உடலையும் கரையையும் இணைக்க இருவர் நாள் முழுதும் உழைத்த சேலையும், ஒருவர் விசையைத் தட்டி முடித்த சேலையும் அவர் கண்ணுக்கு ஒன்றாகின்றன. முடிவில் ஒருவன் செய்த பொய்யின் விலையை ஊர் முழுதும் கட்டுகின்றது. அதிலும் முதலிற் கட்டுபவன் கூலிக்கு நெய்பவன்.

ஐயமும் விடையும்

இங்ஙனம் கூறுமிடத்துச் சிலர் மூன்று ஐயங்களைக் கிளப்புவர்.

‘வாங்குவோர் கேளாததை நாம் ஏன் சொல்லுதல் வேண்டும்?’ என்பது முதல் ஐயம். கண்ணால் அறியக்கூடியதைச் சொல்லாதிருத்தல் குற்றமன்று. நிறம், கரையின் அகலம், முந்தானையின் வேலைப்பாடு ஆகியவற்றை வாங்குவோர் தாமே காண்பர். கண்ணால் அறியக்கூடாததைச் சொல்லாதிருத்தல் குற்றம். சரிகையில் உள்ள வெள்ளி, நெய்த தறி, இழைக்குள் ஏற்றிய நிறை என்பவற்றை விற்போனன்றி வேறெவரும் அறியார். ஆங்கே மௌனமும் ஒரு சொல்லாகும், அது பொய்ச்சொல்லாகும்.

‘எல்லாரும் செய்கின்றனர், நாம் மட்டும் செய்யாதிருந்தால் பிழைப்பது எங்ஙனம்?’ என்பது இரண்டாம் ஐயம். இது எளிதாகத் தள்ளத்தக்கதன்று. குறைந்த விலைக்குச் சேலை வேண்டும் என்று வெளியூர்க் கடைக்காரர் நெருக்குங்கால், மறுத்தால் அவ்வாணிகம் அடுத்த வீட்டுக்குப் போகும். பத்துத் தறிகள் சும்மா நிற்கும். அத்தறிக்காரர் வீட்டில் உலை ஏறாது. ஆயினும் நெருக்குவோர்க்கு மறுப்பு ஒன்றே விடையன்று. விலையைக் குறைத்தற்கு நேர்வழியும் உண்டு. தாழ்ந்த சரிகையைத் தாழ்ந்த சரிகை என்றே சீட்டில் எழுதி, அதற்குரிய விலைக்கு விற்கலாம்; கரையைக் குறுக்கலாம்; புட்டாவைக் குறைக்கலாம். ‘ஆஃப் பைன்’ சரிகைச் சேலையை வெளிப்படையாக விற்பவர் நேர்மையாளரே. அதனைத் தூய சரிகை என்பவரே அறம் பிழைத்தவர். பொருளைத் தாழ்த்தலாம், பெயரை உயர்த்தலாகாது. அன்றியும், தனியொருவர் மறுத்தால் இழப்பு அவர்க்கு. தெருவார் அனைவரும் ஒருங்கே மறுத்தால் இழப்பு எவர்க்கும் இல்லை. சங்கம் என்பது பின் எதற்காக?

‘கூலியைக் குறைத்துப் பேசுதல் விலைப் பேரம்தானே?’ என்பது மூன்றாம் ஐயம். ஆம், விலைப் பேரமே; ஆனால் முன்னர்க் கூறியபடி விலகும் வழி உள்ளவனோடு மட்டுமே அது பேரம். ஆடி மாதத்தில் வேலை குறைந்து, வீட்டில் நோயும் கடனும் சேர்ந்து, வேறு பாவு கிடைக்காத நெசவாளனிடம் கூலியைப் பாதியாக்கி இசைவு வாங்கினால், அவன் கைந்நாட்டு உண்டு, மனம் இல்லை. மனம் இல்லாத இசைவு ஒப்பந்தம் ஆகாது. அவ்வாறே, முகூர்த்த நாள் நெருங்கிய காலத்தில், பாதி நெய்த சேலையைத் தறியிலேயே நிறுத்திக் கூலியை இரட்டிக்கக் கேட்கும் நெசவாளனும் முதலாளியின் துன்பத்தைப் படிக்கல்லாக்கியவனே. அறம் இரு தட்டுக்கும் ஒன்றே.

நம் சங்கத்தார் செய்யத்தக்கன

வரலாறு படிப்பது பெருமை பேசுதற்கன்று, பின்பற்றுதற்கே. ஆதலின் நம் சங்கத்தார்பால் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: நம்மவர் மிகுதியாக வாழும் ஒவ்வொரு தெருவிலும், அரசு முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்றைச் சங்கமே வைத்தல் வேண்டும். பாவும் ஊடையும் சரிகையும் கொடுக்கும்போதும் சேலை திரும்பும்போதும் இருவர் முன்னிலையில் அதில் நிறுத்தல் வேண்டும். நிறைகூலியாக ஒரு சிறு தொகை பெற்றுப் பிள்ளைகளின் கல்வி நிதியிற் சேர்க்கலாம். கச்சிப்பேட்டார் அதனைக் கோயிலுக்கு அளித்தனர். நாம் பள்ளிக்கு அளிப்போம்.

இரண்டு: ஒவ்வொரு நெசவாளர் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம் இருத்தல் வேண்டும். நிறை, கூலி, முன்பணம், பிடித்தம் ஆகியவை நிறுத்த நாளோடு அதில் எழுதப்படுதல் வேண்டும். மழைக்காலத்திற்கும் கோடைக்கும் உரிய நிறை வேறுபாட்டை இருபாலாரும் கூடி ஆண்டுக்கொரு முறை வரையறுத்தல் வேண்டும்.

மூன்று: சேலையோடு செல்லும் சீட்டிற் சரிகையின் தரமும் தறியின் வகையும் எழுதப்படுதல் வேண்டும். பொய்ச்சீட்டு எழுதியது உறுதிப்பட்டால், அவர் எத்துணைச் செல்வராயினும் சங்கப் பொறுப்புக்களுக்கு உரியரல்லர் என்று விதித்தல் வேண்டும்.

நான்கு: சங்கத்தின் கணக்கு, ஆண்டு விழா முடிந்த அண்மையிலேயே உறுப்பினர் முன்னிலையிற் படிக்கப்படுதல் வேண்டும். பிறர்க்கு நிறைகோல் பிடிக்கப் புகுவோர் முதலில் தம்மை நிறுத்துக் காட்டுதல் முறையன்றோ?

இவற்றுள் எதுவும் புதியதன்று, பெருஞ்செலவுடையதும் அன்று. நிறை ஒரு கையிலும் முறை ஒரு கையிலும் இருந்தால் வாணிகம் தழைக்கும். இரண்டும் ஆதாயம் பெறுவோன் ஒருவன் கையிலேயே அடங்கின் உறவும் கெடும், ஊர்ப்பெயரும் கெடும். நம் இல்லங்களில் நெய்யப்படும் சேலை யாரோ ஒரு மணமகளின் தோளில் ஏறுகின்றது. அவள் நம்மைக் காணாள். சரிகையின் உள்ளீட்டையும் காணாள். காணாதவள்பால் நாம் செய்யும் நேர்மையே நம் குலத்தின் நேர்மையாம் என்பதை நம் அன்பர் அனைவரும் உளங்கொள்வாராக.